இந்த ஆண்டும் இருக்கட்டும்



ஐப்பசி மழையில் குமராட்சி வயல்களில் சம்பாப் பயிர் வேர் பிடிக்கும் காலம் இது. கோடையில் நம் பீடங்களை அலங்கரித்த மல்லிகை இனி வரத்துக் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான், நாம் மறந்தே போன செடிகள் பூக்கத் தொடங்கும். வேலியோரத்து டிசம்பர் பூ ஊதா நிறத்தில் விரியும். அதற்கு வாசமில்லை, ஆனாலும் மார்கழிப் பனியில் நம் பெண்களின் தலைக்கு அதுதான் பூ. புதரில் செங்காந்தள் மஞ்சளாகிச் சிவக்கும். சாமந்தி மொட்டு வைக்கும்.

சாமந்தி வகைகள் பலவற்றுக்கு ஓர் இயல்பு உண்டு. இரவு நீளும்போதுதான் அவை மொட்டுக் கட்டும். இரவெல்லாம் விளக்கு வெளிச்சம் பட்டால் பூப்பது தள்ளிப்போகும். ஆடியில் பூக்கவில்லையே என்று அதைப் பிடுங்கிப் போட்டிருந்தால் இழப்பு யாருக்கு? செடியில் குறையில்லை, அதன் காலம் வரவில்லை, அவ்வளவுதான்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன அத்திமர உவமை நமக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். சும்மா கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாக வாக்குக் கொடுத்துக் கேட்கிறார். அந்த மரம் காய்த்ததா? இயேசு சொல்லவில்லை. காய்க்கும் என்ற உறுதி இல்லாமலே உழைத்துக் காத்திருப்பதுதான் அன்பு.

நம் வீடுகளிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். குடியை விடாத மகன். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பி. திருப்பலிக்கு வராத கணவர். "இது தேறாது" என்று நாம் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டோம். கொத்தினோமா? எருப் போட்டோமா?

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பேசாமலே போய்விட்டாரே என்று அங்கே நின்று அழுதோம். உயிரோடிருக்கும் தம்பியின் வாசற்படியை மிதித்து எத்தனை ஆண்டுகள் ஆயின? இந்த வாரம் அங்கே போவோம். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். அடுத்த வாரமும் போவோம்.

நம்மையும் ஆண்டவர் அப்படித்தான் இந்த ஆண்டும் விட்டுவைத்திருக்கிறார். அவருடைய பொறுமையை நமக்கும் தருமாறு மன்றாடுவோம். ஆமென்.