உள்ளுறை மருத்துவரும் ஊரும்



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதை பற்றிப் பேசத் தக்கார் பலர் இங்கு உளர். செயலாளர் எனக்கு ஒதுக்கிய பொருள் சற்று வேறானது. நம் வட்டத்து இளங்கவிஞர் ஒருவர் மருத்துவப் பட்டம் முடித்து, பொது மருத்துவத்தில் மேற்படிப்புக்கான கலந்தாய்வை எதிர்நோக்கியிருக்கிறார். சென்னையா, வேலூரா, தில்லியா என்பது அவர் வினா. தில்லிக்குரிய தனித் தேர்விலும் அவர் நல்ல இடம் பெற்றிருக்கிறார். மகளின் வினா வீட்டாரின் வினாவாகி, இன்று வட்டத்தின் வினாவும் ஆகிவிட்டது. "நீங்கள் மருத்துவர், நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள்.

ஆவடி நிலையத்தில் நிற்பவருக்கு இவ்வினாவின் பாதி தண்டவாளத்திலேயே தெரியும். கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் சென்ட்ரல். சாலையைக் கடந்தால் அரசு பொது மருத்துவமனை. மேற்கே அதே தடத்தில் அரக்கோணம் தாண்டிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. முன்னது 1664-இல் கோட்டைக்குள் தோன்றிய மருத்துவமனை. அதனோடு இணைந்த சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இல் தொடங்கியது. பின்னது ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவ மனையிலிருந்து வளர்ந்தது. இரண்டின் பெருமையையும் கேட்டு வளர்ந்த ஊர் நம் ஊர். பெருமையை வைத்து மட்டும் மூன்றாண்டுகளைக் கழித்துவிட இயலாது என்பதனால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

பொது மருத்துவம் கற்பவருக்கு முதற் கருவி செவி என்பது என் துணிபு. வருகிறவர் நோயின் பெயரைச் சொல்லுவதில்லை, நோவைச் சொல்லுகிறார். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, மதமதப்பு, கிறுகிறுப்பு என்று தமிழில் நோவுக்கு எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் வேறு. "நெஞ்சு கரிக்குது" என்பவரையும் "நெஞ்சைக் கவ்விப் பிடிக்குது" என்பவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தல் கூடாது. முன்னது பெரும்பாலும் இரைப்பை அமிலத்தின் வேலை. பின்னதைக் கேட்ட மருத்துவர் அக்கணமே இதய மின்வரைபடம் எடுக்கச் சொல்லவேண்டும். முன்னதும் சில வேளை ஏமாற்றும். ஏமாற்றுவது எப்போது என்பது ஆயிரம் பேரிடம் கேட்டபின்தான் பிடிபடும். நூலில் இச்சொற்கள் இல்லை. கவிஞர்கள் இவற்றைத் தொகுத்து வைத்தால் மருத்துவ மாணவர்கள் நன்றி சொல்லுவார்கள். இது இடையில் வந்த விண்ணப்பம்.

அந்த ஆயிரம் பேர் சென்னைப் பொது மருத்துவமனையில் கிடைப்பார்கள். நெல்லூரிலிருந்து இரயிலில் வந்திறங்கித் தெலுங்கில் புலம்புவோரும், வட தமிழகத்து ஊர்களிலிருந்து கடிதத்தோடு அனுப்பப்பட்டோரும், நம் ஆவடியிலிருந்து போனோரும் அங்கே ஒரே வார்டில் இருப்பர். வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வார் என நான்காகப் பகுத்தார். அரசு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவர் பல வேளை இரண்டாவதும் நான்காவதும் தாமே ஆகிவிடுகிறார். இரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்வார், ஸ்ட்ரெச்சரையும் தள்ளுவார்.

வேலூரின் சிறப்பு ஒழுங்கு. குறிப்பேடு முறையாக எழுதப்படும். மூத்தவர் உடனிருந்து கற்பிப்பார். தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவையால் மீட்கும் முறையைப் பால் பிராண்டு உருவாக்கியது அங்கேதான். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மேரி வர்கீசு என்ற இளம் மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அக்கைகளுக்கு அறுவை செய்ததும் அங்கேதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்கமொழிப் பெயர்ப்பலகைகளைக் காணலாம்; வங்கத்திலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் அவ்வளவு பேர் வருகிறார்கள். தமிழ்நாட்டிலேயே இருந்துகொண்டு வங்கமொழி கற்க வேண்டிவரும். அதுவும் செவிக்குச் செல்வமே.

தில்லியைப் பற்றி வீட்டார் அஞ்சுமளவு நான் அஞ்சவில்லை. 1956-இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சிக்குள்ள வாய்ப்பு பெரிது. குளிர்காலப் புகைமூட்டம் உண்மை, வாடகை உண்மை. மொழி போய்விடும் என்ற அச்சத்துக்கு மட்டும் இடமில்லை. 1946 முதல் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. தில்லியில் ஆசிரியப் பணியில் இருந்தபடியே கீழ்வெண்மணியை நாவலாக்கினார் இந்திரா பார்த்தசாரதி. எழுத்து தில்லியில் பிழைத்துக்கொள்ளும். நோயாளியின் சொல்லை முதன்முதலாகக் கேட்டுப் பழகும் மூன்றாண்டுகளில் அதை இந்தியின் வழியே கேட்பது எனக்கு ஒப்பவில்லை. நுண்பிரிவுப் படிப்புக்குப் பின்னால் போகட்டும்.

ஆகவே சென்னை என்கிறேன். இதைக் கேட்டு மகிழும் வீட்டாருக்கு அடுத்துச் சொல்வது மகிழ்ச்சி தராது. "மின்தொடர் வண்டி இருக்கிறது, இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்" என்கிறார்கள். வரலாகாது.

உள்ளுறை என்ற சொல்லே மருத்துவமனைக்குள் உறைதலைக் குறிக்கும். 1889-இல் திறந்த அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆசுலரும் ஆல்ஸ்டெடும் இம்முறையை அமைத்தபோது பயிற்சியாளர் அங்கேயே குடியிருந்தனர். ஓய்வில்லா உழைப்பை இலக்கணமாக்கிய ஆல்ஸ்டெடு கொகேயினுக்கு அடிமைப்பட்டிருந்தவர் என்பதைப் பின்பற்றுவோர் நினைவிற் கொள்வதில்லை. 1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் இறந்தார். களைத்த பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் பற்றி எழுந்த வழக்காட்டத்தின் விளைவாக, 1989-இல் அம்மாநிலம் வாரத்துக்கு 80 மணி என வரம்பிட்டது. நம் நடுவண் அரசு 1992-லேயே நாளொன்றுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என அறிவுறுத்தியது. 48 என்ற எண் ஆவடிக்குப் புதிதன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் எண் அது. நம் கனரக வாகனத் தொழிற்சாலையில் கடைசல் பிடிப்பவர் அதற்குமேல் நின்றால் இருமடங்கு ஊதியம் உண்டு. இரும்பைக் கடையும் கைக்குக் கிடைத்த வரம்பு, உயிரைத் தொடும் கைக்குத் தாளில் மட்டுமே நிற்கிறது. 24 மணியும் 36 மணியும் தொடர்ந்து நிற்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

அப்படி நின்றுவிட்டு வருபவர் வண்டியில் உறங்கி ஆவடியைத் தாண்டித் திருவள்ளூரில் விழிப்பார். வீட்டில் அம்மா சோறு போட்டு எழுப்பும் அன்பு, அந்நேரத்தில் உறக்கத்தைத் திருடும் அன்பு. விடுதியில் அறை எடுக்கட்டும். அதற்கு முன், இப்போது அங்கே பயில்பவர்களிடம் நேரில் போய்க் கேட்கட்டும்: கடந்த வாரம் எத்தனை மணி உறங்கினீர்கள்? நள்ளிரவில் மூத்தவரை அழைத்தால் வருவாரா? பெண்கள் ஓய்வெடுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், இரவுப் பணியிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பின், கடைசி வினாவைக் கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை. விடை சரியில்லையேல் பட்டியலில் வேலூரை முதலில் வைக்கட்டும், நான் தடுக்கமாட்டேன்.

செயலாளருக்கும் ஒரு வேண்டுகோள். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பெயரை நீக்குவது நம் வட்டத்தின் வழக்கம். இவர் பெயரை மூன்றாண்டுகள் அப்படியே வைத்திருங்கள். சந்தாவை நான் கட்டிவிடுகிறேன்.