விழுந்த இடத்தைப் படித்தவர்கள்

இன்று பட்டம் பெறும் அன்புச் செல்வங்களே!

உங்களில் சிலர் அரியர் எழுதித் தேறியவர்கள். கேம்பஸ் நேர்காணலில் கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பியவர்களும் இருப்பீர்கள். பட்டம் கைக்கு வந்த பிறகும் அந்தத் தோல்வியையே நினைத்துக் குறுகிப்போகும் பிள்ளைகளிடம்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன்.

2019 செப்டம்பர் 7, அதிகாலை. நிலவில் இறங்கிக்கொண்டிருந்த சந்திரயான்-2இன் விக்ரம் கலத்திலிருந்து சமிக்ஞை நின்றுபோனது. நாடே விழித்திருந்து பார்த்த தோல்வி அது. மறைக்க வழியில்லை. இஸ்ரோ பொறியாளர்கள் அந்தக் கடைசி நிமிடங்களின் தரவை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எஞ்சின்கள் கணக்கைவிடக் கூடுதலாக உந்தியிருந்தன. சேர்ந்துபோன பிழையைச் சரிசெய்யக் கலம் வெகுவேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருள் அதற்கு இடம் தரவில்லை. இறங்கக் குறித்திருந்த பரப்போ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அதை எட்டிப் பிடிக்கப் போய் வேகம் இன்னும் கூடியது.

அடுத்த கலத்தை, எதெல்லாம் கோளாறாகலாம் என்பதிலிருந்தே வடிவமைத்தார்கள். கால்களை வலுவாக்கி, எரிபொருளைக் கூட்டி, ஐந்து எஞ்சின்களை நான்காகக் குறைத்தார்கள். இறங்கும் பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். கொஞ்சம் தள்ளி இறங்கினாலும் பரவாயில்லை, பத்திரமாக இறங்கட்டும் என்று முடிவெடுக்கப் பெரிய மனது வேண்டும். இந்த வயதில் இதைச் செய்திருக்க வேண்டும், இந்தச் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்கிக்கொள்ளும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. திட்ட இயக்குநர் நம் விழுப்புரத்துக்காரர், வீரமுத்துவேல். புதிய கலத்துக்கும் விக்ரம் என்றே பெயர். விழுந்த கலத்தின் பெயரைச் சொல்ல அவர்கள் கூசவில்லை. 2019இல் சந்திரயான்-2இல் போன சுற்றுக்கலன் அப்போதும் நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க அது எடுத்த படங்களும் உதவின. தோற்றது என்று நாம் முடிவுகட்டிய பயணத்தில் மிஞ்சிய பகுதி அது.

தோற்ற பாடத்துக்காக நீங்கள் இரண்டாம் முறை படித்த படிப்பும் அப்படி மிஞ்சியதுதான். வேலைக்கான விண்ணப்பத்தில் அந்தப் பருவத்தைப் பற்றிக் கேட்டால், என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரியில் நேராக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். பெற்றோர்களே, அந்த அரியரைப் பற்றி இனி வீட்டில் பேச வேண்டாம் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டம் பெறும் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.