நா எழாதார்க்கும் மொழி உண்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

சொல்லைப் போற்றுவோர் கூடியுள்ள இவ்வவையில், சொல்ல இயலாதாரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

பேச்சு வேறு; மொழி வேறு. உந்தியிலிருந்து எழும் காற்று மிடற்றிலும் நெஞ்சிலும் தலையிலும் நின்று, நா, இதழ், பல், அண்ணம், மூக்கு ஆகியவற்றோடு கூடி எழுத்தொலியாகப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். அவ்வழியில் ஓரிடத்தில் தடை நேரினும் பேச்சு நின்றுவிடும். மொழியாற்றலையே தாக்கும் நோய்களும் உண்டு, அவை வேறு. ஆனால் மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைகள் பலரும், நரம்பு நோயால் நா எழாமற் போனோர் பலரும் உள்ளத்தில் நிறைந்த மொழியோடு வாழ்கின்றனர். 'பேச வராதவர்' என்பதை 'ஒன்றும் அறியாதவர்' என்று உலகம் பொருள்கொள்வதே அவர்களுக்கு நேரும் பெருந்தீங்கு.

பாரிஸ் நகரின் இதழாசிரியர் ழான்-டொமினிக் போபி, 1995 டிசம்பரில் மூளைத் தாக்கத்துக்கு ஆளானார். நினைவு மீண்டபோது அவர் விருப்பப்படி இயங்கியது ஏறத்தாழ இடக்கண் இமை ஒன்றே. பெர்க் கடற்கரை மருத்துவமனையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த பெண்மணி, பிரெஞ்சு எழுத்துகளை அகர வரிசையில் அமைக்காமல், அம்மொழியில் மிகுதியாகப் பயிலும் எழுத்து முன்னும் அருகிப் பயில்வது பின்னுமாக அமைத்துப் படித்தார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமைப்பார். அவ்வாறு எழுத்தெழுத்தாக அவர் சொல்ல, கிளோத் மெந்திபில் என்னும் அம்மையார் எழுதிக்கொள்ள, ஒரு நூல் முழுமையுற்றது. 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாள்களில் போபி மறைந்தார்.

இங்கு நோக்கத்தக்கது அப்பயிற்சியாளரின் அறிவு. நாவைப் பேசவைப்பது மட்டுமே தம் கடமை என்று அவர் கருதியிருப்பின், அந்நூல் பிறந்திராது. நாவால் இயலாததை இமையால் இயற்றலாம் என்பதையும், எழுத்துகளின் பயில்வு ஒரு நோயாளியின் களைப்பைக் குறைக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

எழுத்தறியாக் குழந்தைகளுக்கும் வழி உண்டு. ஹிட்லரின் வதைமுகாம்களில் துன்புற்று, பின் ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்லஸ் பிளிஸ், நாடுகளிடையே பகை மூளாதிருக்கப் பொதுவான குறியீட்டு மொழி ஒன்றை ஆக்கி 1949-இல் வெளியிட்டார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில், பேச இயலாக் குழந்தைகளுக்குக் கற்பித்தோர் அதைக் கண்டெடுத்தனர. அதில் இதய வடிவம் உணர்வைக் குறிக்கும்; அதனோடு மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துயரம். குறிகளை விரலாலோ பார்வையாலோ சுட்டி அக்குழந்தைகள் தம் கருத்தைத் தொடராக அமைத்தனர்.

இத்தகைய மாற்று வழிகளைத் தந்தால் குழந்தை பேச முயலாது என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. ஆய்வு அவ்வச்சத்தை ஏற்கவில்லை. 2006-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வலுவான சான்றுடைய 27 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோர்க்குச் சிறிதேனும் வளர்ந்தது. இதனை அறிந்த பயிற்சியாளர் பெற்றோரின் அச்சத்தைப் போக்குவார். அறியாதவரோ, பேச்சு வரட்டும் என்று காத்திருந்தே குழந்தையின் கற்கும் பருவத்தைக் கழித்துவிடுவார். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதனுள் இம்மாற்று வழிகளையும் அடக்குகிறது. எனவே இவற்றை வழங்குவது கடமையேயன்றிக் கருணையன்று.

பிரெஞ்சு எழுத்து வரிசை தமிழுக்கு உதவாது. 247 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினால் நோயாளி சோர்ந்துபோவார். இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் பயிற்சியாளர்க்குக் கைகொடுக்கும். உயிரா, மெய்யா? மெய்யெனின் வல்லினமா, மெல்லினமா, இடையினமா? அவ்வினத்துள் ஆறில் எது? ஏறும் உயிர் குறிலா, நெடிலா? அவற்றுள் எது? 'மழை' என்னும் சொல்லின் 'ழை'யை இம்முறையில் 17 வினாக்களுக்குள் எட்டிவிடலாம். தனிமெய்க்குப் 'புள்ளி' என ஒரு வினாவைச் சேர்த்துக்கொண்டால் போதும். மாணவர் சுமையெனக் கருதும் எழுத்துப் பாகுபாடு, ஒருவர் தம் தாயை அழைப்பதற்கான கருவியாக மாறும். சொற்களின் பயில்வை அறிந்த புலவரும் உடல்நிலையை அறிந்த பயிற்சியாளரும் ஒன்றாக அமர்ந்தால் இவ்வழியை இன்னும் சுருக்கலாம்.

எத்தகைய கருவியாயினும் எதிரே ஒருவர் பொறுமையோடு இருத்தல் வேண்டும். போபி ஒருமுறை தம் மூக்குக்கண்ணாடியைக் கேட்க முயன்றார். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லின் முற்பகுதி நிலவைக் குறிக்கும். கேட்டவர் பாதியிலேயே நிறுத்தி, நிலவு எதற்கென்று வினவினார். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சியில், சொல் முடியும்வரை காத்திருக்கப்பெறாத ஒருவரின் துயரம் அடங்கியுள்ளது.

ஒரு சொல் வந்து வாய்க்கக் கவிஞர் நாள்கணக்கில் காத்திருப்பர். அக்காத்திருப்பில் ஒரு பங்கினை, தம் தெருவிலும் சுற்றத்திலும் பேச இயலாதிருப்பார்க்கு இவ்வட்டத்தார் வழங்குவாராக. பத்தாண்டுகள் பிறர் சொல்லைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அது அரிதன்று.