ஒரே சாலை, இரண்டு கண்காணிப்புகள்: லோக்ஆயுக்தாவும் காவல் அதிகாரமும்

ஊழலைக் கண்காணிக்கும் அமைப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை புகாரை வாங்கும், கோப்பை வரவழைத்துப் பார்க்கும், சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் விளக்கம் கேட்கும், கடைசியில் அரசுக்கு அறிக்கை அனுப்பும். மற்றொரு வகை முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யும், வீட்டைச் சோதனையிடும், கைது செய்யும், நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். முதல் வகை செய்வது விசாரணை. இரண்டாவது வகை செய்வது புலனாய்வு. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. விசாரணையின் முடிவு ஒரு பரிந்துரை. அதை ஏற்பதும் கிடப்பில் போடுவதும் அரசின் விருப்பம். புலனாய்வின் முடிவு நீதிமன்றத்துக்குப் போய்விடும். அதன்பின் அமைச்சர் நினைத்தாலும் அதை எளிதில் நிறுத்த முடியாது.

இந்த வேறுபாட்டைப் பாடப்புத்தகம் இல்லாமலே ஓசூரில் கற்றுக்கொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓசூரைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லையில் ஜூஜூவாடி. சில கிலோமீட்டரில் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு வரும் இரும்பும், அங்கிருந்து புறப்படும் இருசக்கர வாகனங்களும் உதிரிப் பாகங்களும், கிருஷ்ணகிரி கிரானைட்டும் மாங்காயும் இந்த வழியாகத்தான் போகின்றன. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. போக்குவரத்துத் துறையின் சாவடிகள் தொடர்ந்தன. வெளிமாநில வண்டிக்கு வரி, பெர்மிட், ஓவர்லோட் என்று லாரியை நிறுத்தக் காரணங்கள் பல இருந்தன. லாரிக்காரர்கள் மாமூல் என்று சொல்லும் பணம் கைமாறியது இந்தக் காரணங்களின் நிழலில்தான். இரண்டு சாவடிகளிலுமே திடீர் சோதனைகள் நடந்திருக்கின்றன. கணக்கில் வராத பணம் பிடிபட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. சோதனைக்கு வந்தவர்கள் மட்டும் வேறு வேறு. ஜூஜூவாடிக்கு வந்தது தமிழ்நாடு அரசின் லஞ்ச ஒழிப்புத் துறை. அத்திப்பள்ளிக்கு வந்தது, கர்நாடகத்தில் நீதிபதி ஒருவர் தலைமையில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்ஆயுக்தா அமைப்பின் போலீஸ்.

கர்நாடக லோக்ஆயுக்தா சட்டம் 1984இல் ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வராக இருந்தபோது இயற்றப்பட்டு, 1986 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாகவோ உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவோ இருந்தவர்தான் லோக்ஆயுக்தா ஆக முடியும் என்பது தொடக்கத்தில் அந்தச் சட்டத்தின் அடித்தளமாக இருந்தது. முதல் லோக்ஆயுக்தா, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஏ.டி.கோஷல். அவருக்குக் கீழே ஒரு போலீஸ் பிரிவும் அமைக்கப்பட்டது. இந்தியாவில் லோக்ஆயுக்தா உள்ள மாநிலங்கள் பல இருந்தும், கர்நாடகத்தின் பெயர் மட்டும் முன்னே நின்றதற்கு இந்தப் பிரிவே பெரிய காரணம்.

அந்தப் போலீஸ் பிரிவின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். லோக்ஆயுக்தா சட்டம் நீதிபதிக்குத் தந்தது விசாரணை அதிகாரம் மட்டுமே. லஞ்ச வழக்கைப் புலனாய்வு செய்வது 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பொதுவாகத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரியே அதைச் செய்ய முடியும். மாநில அரசு அனுமதித்தால் இன்ஸ்பெக்டரும் செய்யலாம். எனவே மாநில அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, லோக்ஆயுக்தாவின் போலீஸ் அலுவலகங்களைக் காவல் நிலையங்களாக அறிவித்தது. நீதிபதிக்குக் கீழே பணியாற்ற அனுப்பப்பட்ட போலீசார் இப்படிப் புலனாய்வு செய்யலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. செய்யலாம் என்று 1998இல் ரங்கசாமையா வழக்கில் தீர்ப்பு வந்தது. ஏற்பாடு சட்டப்படி சரிதான். ஆனால் அதன் பாதி சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் நின்றது, மறு பாதி அரசு வெளியிட்ட அறிவிக்கையில் நின்றது. பின்னால் வந்த துன்பம் முழுவதும் இந்த இணைப்பில்தான் தொடங்கியது.

காவல் அதிகாரம் அன்றாடத்தில் எப்படி இயங்குகிறது என்பதற்கு, பொறி வைத்துப் பிடிக்கும் முறையே நல்ல எடுத்துக்காட்டு. பட்டா மாற்றவோ மின் இணைப்புக்கோ பணம் கேட்கப்பட்டவர் புகார் தருகிறார். முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அவர் கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்கள் மகஜரில் குறிக்கப்படுகின்றன. நோட்டுகளில் பினாப்தலின் பொடி தடவப்படுகிறது. சாட்சிகளாக வேறு துறையின் அரசு ஊழியர்கள் இருவர் உடன் போகிறார்கள். பணம் கைமாறியதும் வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைப்பார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மாறினால் அதைப் புட்டியில் அடைத்து, முத்திரையிட்டு, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதில் ஒரு படியைக்கூடப் போலீஸ் அதிகாரம் இல்லாத அமைப்பு செய்ய முடியாது. நிறம் மாறினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சி ஆனாலோ, சூழ்நிலைச் சாட்சியங்களைக் கொண்டும் அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியது.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வேறு இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றமாயிற்று. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். இரவில் சாவடியைக் கடந்து மறுநாள் வேறு மாநிலத்தில் சரக்கு இறக்கும் ஓட்டுநருக்கு ஏழு நாள் என்பது நீண்ட காலம் அல்ல. இரண்டாவது, 17ஏ பிரிவு. அதிகாரி தன் பணியில் எடுத்த முடிவு குறித்துப் புலனாய்வு செய்ய முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆகவே சாவடியில் ஐந்நூறு ரூபாய் வாங்கியவர் உடனே பிடிபடுவார். பல கோடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மீது புலனாய்வு தொடங்க அவர் சார்ந்த அரசின் அனுமதி வர வேண்டும். சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வு நியாயமானது என்று கருத இடமில்லை.

காவல் அதிகாரத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சான்றும் கர்நாடகத்திலேயே இருக்கிறது. பெல்லாரி இரும்புத் தாதுச் சுரங்க முறைகேடு பற்றி லோக்ஆயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011 ஜூலை 27 அன்று தந்தது வெறும் அறிக்கைதான். வன அதிகாரி யு.வி.சிங் தலைமையிலான குழு ஆவணங்களையும் வங்கிக் கணக்குகளையும் அலசித் தயாரித்த அந்த அறிக்கை, அரசுக்கு 16,085 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டது. நான்கு நாளில் முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார். கைது இல்லாமலே அறிக்கை ஆட்சியை அசைத்தது. ஆனால் அந்த அறிக்கைக்கு நாடு முழுவதும் கண்ணும் காதும் கொடுத்திருந்தது. தாலுகா அலுவலகத்தில் ஒரு கோப்பை ஆறு மாதம் நிறுத்திவைப்பவர் பற்றிய அறிக்கைக்கு அப்படி யார் காத்திருப்பார்கள்? அங்கே கைவிலங்குக்கு இருக்கும் மதிப்பு காகிதத்துக்கு இல்லை.

அதிகாரம் உள்ள இடத்தில் அழுகலும் வரும் என்பதை 2015 காட்டியது. சோதனை நடத்திவிடுவோம் என்று மிரட்டி, லோக்ஆயுக்தா அலுவலகத்தின் பெயரால் அதிகாரிகளிடம் பணம் பறிக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. அந்த டிசம்பரில் லோக்ஆயுக்தாவாக இருந்த நீதிபதி பாஸ்கர் ராவ் பதவி விலகினார். காவலுக்கு வைத்த வேலியைப் பற்றியே இப்படி ஒரு புகார் வந்தபோது மக்களுக்கு ஏற்பட்ட வேதனை சாதாரணமானது அல்ல. அதற்கு மருந்து, அமைப்புக்குள் ஒரு தணிக்கையை வைப்பது. அரசு செய்தது வேறு.

2016 மார்ச் 14 அன்று ஊழல் தடுப்புப் படை என்ற புதிய அமைப்பு, சட்டமன்றத்தில் மசோதா எதுவும் இல்லாமல், ஓர் அரசாணையால் உருவாயிற்று. அது முதல்வரின் பொறுப்பிலிருந்த பணியாளர் துறையின் கீழ் வந்தது. ஐந்து நாளில் இன்னோர் ஆணை, லோக்ஆயுக்தா போலீஸ் அலுவலகங்களைக் காவல் நிலையங்களாக ஆக்கிய பழைய அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது. நீதிபதி இருந்தார், அலுவலகம் இருந்தது, புகார்களும் வந்தன. கைது செய்யும் கை மட்டும் போய்விட்டது. காங்கிரஸ் ஆட்சியில் வந்த இந்த ஏற்பாட்டை அடுத்து வந்த கூட்டணி ஆட்சியும், அதன்பின் வந்த பாரதிய ஜனதா ஆட்சியும் நீக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் அது அசௌகரியமாக இல்லை என்பதே இதன் பொருள். ஆறு ஆண்டுக்குப் பின், 2022 ஆகஸ்ட் 11 அன்று, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வீரப்பா, கே.எஸ்.ஹேமலேகா அமர்வு அந்தப் படையை ரத்து செய்து, வழக்குகளை லோக்ஆயுக்தா போலீசுக்கே திருப்பியது.

தமிழ்நாட்டின் கதை வேறு திசையில் போனது. ஊழல் தடுப்பு பற்றி மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய க.சந்தானம் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர். அந்தக் குழுவின் பரிந்துரைகள் வெளிவந்த 1964ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம் தொடங்கியது. அதற்கு முழுக் காவல் அதிகாரம் உண்டு. மாவட்டங்களில் பிரிவுகள் உண்டு. ஆனால் அது அரசின் ஒரு துறை. இயக்குநரை நியமிப்பதும் மாற்றுவதும் அரசு. 2008இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்தும் அதற்கு விலக்கு தரப்பட்டது. லோக்ஆயுக்தாவோ மிகத் தாமதமாக வந்தது. 2014இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம், ஓராண்டுக்குள் ஒவ்வொரு மாநிலமும் லோக்ஆயுக்தா அமைக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகே, 2018 ஜூலையில் தமிழ்நாட்டில் சட்டம் நிறைவேறியது. 2019இல் முதல் தலைவராக நீதிபதி பி.தேவதாஸ் பொறுப்பேற்றார். கர்நாடகத்தைப்போல் தனக்கென ஒரு போலீஸ் பிரிவு அதற்கு இல்லை. ஆக, சுதந்திரம் உள்ள அமைப்பிடம் போலீஸ் இல்லை. போலீஸ் உள்ள அமைப்பிடம் சுதந்திரம் இல்லை.

இதன் விளைவை ஒரு வழக்கு காட்டுகிறது. நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள் பற்றி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது தரப்பட்ட புகாரை, அவர் அரசுக்குக் கட்டுப்பட்ட துறையே பார்ப்பது பொருந்தாது என்று கருதி, 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஆட்சி மாறியபின் அரசு புதிதாக விசாரிக்க முனைந்தபோது, ஆட்சி மாற்றம் மட்டுமே புது விசாரணைக்குக் காரணமாகாது என்று 2023இல் உயர் நீதிமன்றம் கூறி மனுவை முடித்துவைத்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்பதைவிட யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பது முன்னால் வந்து நின்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இது நன்மை அல்ல. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு முடிவு அவருக்கும் கிடைப்பதில்லை.

அதிகாரத்தையும் கட்டுப்பாட்டையும் சேர்த்தே தர முடியும் என்பதற்கு ஹாங்காங் சான்று. பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரி 1973இல் விசாரணையின்போதே தப்பிப்போனார். அடுத்த ஆண்டே போலீசிலிருந்து முற்றிலும் பிரிந்த ஓர் ஊழல் தடுப்பு ஆணையம் கைது அதிகாரத்தோடு அமைந்தது. 1977இல் போலீசார் கிளர்ந்தெழுந்து ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். ஆளுநர் பழைய குற்றங்கள் சிலவற்றுக்கு மன்னிப்பு அளிக்க நேர்ந்தது. ஆணையம் பிழைத்தது. கைது செய்வது அது. வழக்குத் தொடர்வதா என்று முடிவு செய்வது அரசின் சட்டத் துறைத் தலைவர். புலனாய்வுகளை வெளியாட்கள் அடங்கிய குழு ஒன்று தொடர்ந்து பார்வையிடுகிறது. பிரிட்டன் இன்னும் எச்சரிக்கையாக நடந்தது. பொதுத்துறை மோசடித் தடுப்பு அமைப்புக்கு அதிகாரம் தர 2025 ஜனவரியில் கொண்டுவந்த மசோதாவில், நீதிமன்ற ஆணை பெற்றுச் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் வழி வைத்தார்கள். கைதைப் போலீசிடமே விட்டார்கள்.

இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. நிறுவன மோசடிகளுக்கான மத்தியப் புலனாய்வு அலுவலகம் 2003இல் அரசு ஆணையால் தொடங்கியது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் அதைச் சட்டபூர்வ அமைப்பாக்கியது. கைது அதிகாரம் 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அந்த அதிகாரம் சட்டத்தின் 212ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருப்பதால், ஒரு துறையின் ஆணையால் அதைப் பறிக்க முடியாது. மத்திய அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலுக்கான சட்டத்தின் 25ஆம் பிரிவு வேறு வழி காட்டுகிறது: லோக்பால் ஒப்படைக்கும் வழக்குகளில் சி.பி.ஐ. லோக்பாலின் மேற்பார்வைக்குள் வரும். தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டாவது வழியே எளிது. புதிதாக ஒரு போலீஸ் படையை உருவாக்க வேண்டாம். லோக்ஆயுக்தா ஒப்படைக்கும் வழக்குகளில் மட்டும் லஞ்ச ஒழிப்புத் துறை அதிகாரிகள் லோக்ஆயுக்தாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், வழக்கு முடியும்வரை அதன் சம்மதமின்றி இடமாற்றப்படக் கூடாது என்று 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்தால் போதும். கர்நாடகம் செய்ய வேண்டியது, அறிவிக்கையில் இருப்பதை லோக்ஆயுக்தா சட்டத்துக்குள் கொண்டுவருவது.

காவல் அதிகாரம் உள்ள அமைப்புக்கு எல்லைப்புறத்தில் இன்னொரு பயன் உண்டு. அத்திப்பள்ளியில் வேலை, ஓசூரில் வீடு என்றிருப்பவர்கள் ஏராளம். குற்றவியல் நடைமுறை விதிகளின்படி, போலீஸ் அதிகாரி வேறு மாநிலத்துக்குள்ளும் குற்றவாளியைத் தொடர்ந்து போய்ப் பிடிக்கலாம். வேறு காவல் நிலைய எல்லையில் உள்ள வீட்டைச் சோதனையிட அந்த நிலையத்தைக் கேட்கலாம். தாமதித்தால் சான்று அழியும் என்றால் தானே சோதனையிட்டுவிட்டுத் தகவல் தரலாம். விசாரணை அதிகாரம் மட்டுமே உள்ள நீதிபதிக்கு, ஓசூரின் கொத்தகொண்டப்பள்ளிச் சாலையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைத் திறக்க இவற்றில் எதுவும் உதவாது.