முடக்க நாட்களில் மாணவரும் ஓய்வும்

பாடசாலை என்றதும் கட்டடமும் ஆசிரியரும் புத்தகங்களுமே பலருடைய நினைவுக்கு வரும். மணியை நினைப்பவர் சிலரே. ஆயினும், மாணவனுடைய நாளைப் பங்கிட்டுக் கொடுப்பது அந்த மணியேயாகும். இலங்கைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்குக் கலைகின்றன. 40 நிமிடம் கொண்ட பாடவேளைகள் எட்டு. அவற்றின் நடுவே ஓர் இடைவேளை. கூட்டிப் பார்த்தால் வகுப்பறைப் படிப்புக்கு உரியது 320 நிமிடமே; ஆறு மணித்தியாலமும் நிறையவில்லை. அதற்குள்ளும் கணிதம் முடியத் தமிழ் வரும். தமிழ் முடியச் சித்திரமோ உடற்பயிற்சியோ வரும். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும் அந்தச் சிறு இடைவெளியில் உள்ளம் மூச்சு வாங்கிக்கொள்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் தேதி கொவிட் நோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆந் தேதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பாடங்கள் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வீடு தேடி வந்தன. ஆனால், மணி வரவில்லை. எப்பொழுது படிப்புத் தொடங்குகிறது, எப்பொழுது முடிகிறது என்பதைச் சொல்வதற்கு எவரும் இலர். அக்காலத்து மாணவரை வாட்டிய களைப்புக்குப் பாடச்சுமை மாத்திரம் காரணமன்று. படிப்புக்கும் ஓய்வுக்கும் நடுவே இருந்த வரம்பு அழிந்துபோனதும் அதற்குக் காரணமாகும்.

க.பொ.த. உயர்தர மாணவரின் நிலையை எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்டு மாதத்தில் நடைபெற வேண்டிய பரீட்சை பின்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 12 முதல் நவம்பர் 6 வரை நடைபெற்றது. ஆகஸ்டை எல்லையாகக் கொண்டு ஓடியவர்கள், எல்லையை நெருங்கும் வேளையில் இன்னும் ஓடவேண்டும் என்ற செய்தியைக் கேட்டனர். பாடக் குறிப்பும், நண்பர் அரட்டையும், விளையாட்டும், நோயால் இறந்தோர் தொகையும் ஒரே கைப்பேசியிலேயே வந்தன. பல வீடுகளில் அந்த ஒரு கைப்பேசியையும் மூன்று பிள்ளைகள் பங்கிட வேண்டியிருந்தது. நாட்கூலி நின்றுபோன வீடுகளிலோ, தந்தை வேலையின்றி இருக்கையில் தான் ஓய்வெடுப்பது தகுமோ என்று பிள்ளைகள் கூசினர். ஆகவே, நள்ளிரவு கடந்தும் புத்தகத்தின் முன் இருந்தனர். கண் எழுத்தின் மீது சென்றது. கருத்து அதனோடு செல்லவில்லை.

இந்த நிலையை ஆங்கிலத்தில் எரிந்து தீர்தல் என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். நியூயோர்க் நகரத்து உளவியலாளராகிய ஹேர்பெர்ட் புரொய்டன்பேர்கர் 1974இல் அச்சொல்லை ஆராய்ச்சி உலகில் நிலைபெறச் செய்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: சக்தி முழுவதும் வற்றியதுபோன்ற உணர்வு, செய்யும் தொழிலில் வெறுப்பும் விலகலும், செய்திறன் குன்றுதல் என்பன அவை. அந்நிறுவனம் தொழில் புரிவோரைக் குறித்தே இதனைக் கூறிற்று. ஆயினும், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைக்குப் படிப்பே தொழிலன்றோ? இது சோம்பலன்று. சோம்பேறி தொடங்கவே மாட்டான். இப்பிள்ளையோ நிறுத்தாமற் செய்ததனாற் சோர்ந்தவன்.

அந்நாட்களில் மாணவரை ஊக்குவிக்க விரும்பிய பலர் ஐசாக் நியூட்டனை உதாரணங் காட்டினர். 1665இல் கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மாணவரை வீட்டுக்கு அனுப்பியது. நியூட்டன் தம் பிறப்பிடமாகிய வூல்ஸ்தோர்ப் சென்று, ஒளியையும் ஈர்ப்பையும் பற்றி ஆழச் சிந்தித்தார். இது மெய். ஆனால், கதையின் மற்றப் பாதியையும் சொல்லவேண்டும். அவ்வாண்டிலேயே அவர் தம் முதற் பட்டத்தைப் பெற்றுவிட்டார். அவர் முன்னே பரீட்சைத் தேதி எதுவும் நின்று மிரட்டவில்லை. நாட்டுப்புற வீடும் தோட்டமும் அவருக்கு இருந்தன. ஈர்ப்புப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது 1687இல். ஒளி பற்றிய நூல் 1704இல். முளைத்த எண்ணம் கனியாவதற்கு இருபது ஆண்டும் நாற்பது ஆண்டும் சென்றன. அத்தகையவரைக் காட்டிப் பதினெட்டு வயதுப் பிள்ளையை விரட்டுதல் முறையன்று.

இடைவிட்டுப் படிப்பது காலத்தை வீணாக்கும் என அஞ்சுவோர் உளர். ஜெர்மனிய அறிஞர் ஹேர்மன் எபிங்கவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து பார்த்து, 1885இல் தம் முடிபுகளை வெளியிட்டார். ஒரே நாளில் இடைவிடாது 68 முறை ஓதியதால் உண்டான பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து ஓதிய 38 முறையே ஏறக்குறைய அளித்ததென அவர் கண்டார். படித்தவை மனத்தில் நிலைபெறுவதற்கு உறக்கமும் துணைசெய்கிறதென்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. எனவே, உறக்கத்தைக் குறைத்துப் படிப்பவன் ஒரு கையால் இறைத்த நீரை மறு கையால் ஊற்றிவிடுகிறான்.

ஆகையால், பாடசாலை மூடப்படும் நாட்களில் வீட்டுக்கு ஒரு மணி வேண்டும். எழும் நேரமும் உறங்கும் நேரமும் மாறாதிருக்கட்டும். நேரசூசி ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டலாம். 40 நிமிடம் படித்ததும் எழுந்து, முற்றத்திலே நடந்து, நீர் பருகி, வேறொரு பாடத்துக்கு மாறலாம். கிணற்றிலே தண்ணீர் அள்ளுவதும், பூஞ்செடிக்கு வார்ப்பதும், தம்பி தங்கையோடு பேசிச் சிரிப்பதும் படிப்புக்கு இடையூறல்ல. அவையே அடுத்த பாடவேளைக்கு வேண்டிய வலுவைத் தருவன. பாடம் முடிந்ததும் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுவது நன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது, மாலையில் ஒரு நேரத்தைக் குறித்து, இன்றைய படிப்பு முடிந்தது என்று புத்தகத்தை மூடுதலாகும்.

பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. புத்தகத்தை மூடிய பிள்ளையை நோக்கி, அயல்வீட்டுப் பிள்ளை இன்னும் படிக்கிறதே என்று கூறும் ஒரு சொல், அன்றைய ஓய்வின் பயன் முழுவதையும் கெடுத்துவிடும். பிள்ளை பல நாளாக உறக்கமின்றியோ உணவை வெறுத்தோ இருந்தால், அல்லது தான் எதற்கும் பயனற்றவன் என்று பேசத் தொடங்கினால், அதைக் கண்டிப்பதை விட்டு வைத்தியரை நாடவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்கென உள்ளது.

கொள்ளைநோயினால் மாத்திரமே பாடசாலைகள் மூடப்படும் என்பதில்லை. 2022இல் எரிபொருட் தட்டுப்பாட்டினாலும் அவை மூடப்பட்டன. இனியும் அத்தகைய நாட்கள் வரலாம். பரீட்சை சில வாரங்களில் முடிந்துவிடும். அதை எழுதிய உடலும் உள்ளமும் அதன் பின்னர் நெடுங்காலம் உழைக்கவேண்டியவை. அவற்றைச் சேதமின்றி அடுத்த படிக்குக் கொண்டுசெல்லத் தெரிந்துகொள்வதும் கல்வியின் ஒரு பகுதியே.