காலையில் ஒரு குவளைப் புரதம்



வைத்தியர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தால் நீரிழிவு, கொலஸ்ரரோல் என்று பயமுறுத்துவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று காலைச் சாப்பாட்டை மட்டும் பேசுவோம்.

பாணும் சம்பலும், புட்டும் வாழைப்பழமும், இடியப்பமும் சொதியும் என்று எங்கள் காலைச் சாப்பாட்டின் ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐந்து இடியப்பத்தில் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய ஒரு முட்டையில் உள்ள அளவுதான், 6 கிராம். எங்களில் பலருக்கு அதுவும் இல்லை. பிள்ளைகளை அனுப்பி, சமையலை முடித்து, ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் வாயில் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 44 கிராம் புரதமாவது வேண்டும். முதியவர்களுக்கு கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையக் கூடாது. முழுவதையும் மத்தியான மீன்குழம்பின் தலையில் சுமத்த முடியாது.

நாற்பதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. கிணற்றடியில் வாளி பாரமாகத் தெரிவதும், நிலத்தில் இருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருப்பதும் வெறும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால்தான் வைத்தியசாலைக்கு வருகிறோம்.

எங்கள் ஊருக்குப் புரதம் தெரியாததில்லை. பிள்ளை சாமத்தியப்பட்டால் உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. பிள்ளை பெற்றால் சரக்குக்கறி, பால்சுறா வறை. அந்தச் சில நாட்கள் வீடே பெண்ணின் வயிற்றைக் கவனிக்கும். அதற்குப் பின் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவளுக்கு. எங்கள் அம்மாமார் அப்படித்தான் இருந்தார்கள். படித்து உத்தியோகம் பார்க்கும் நாங்களும் பெரிதாக மாறவில்லை.

இன்று இளம்பிள்ளைகள் கேட்பது ‘ஸ்மூதி’. வெளிநாட்டில் உள்ள மகள்மார் புரதமாப் பேணிகளை அனுப்புகிறார்கள். அம்மா அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, சிக்கனமாக நாளுக்கு அரைக்கரண்டி கரைத்துக் குடிப்பதைக் கண்டிருக்கிறோம். அரைக்கரண்டியால் ஒரு பலனும் இல்லை. அந்தப் பேணி இல்லாமலே காரியம் நடக்கும்.

பயறு இரண்டு பங்கு, உழுந்து ஒரு பங்கு, குரக்கன் ஒரு பங்கு எடுங்கள். கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, தனித்தனியே வாசம் வர வறுத்து, மில்லில் திரித்து அரித்து வையுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷாவின் தத்துவமும் இதுதான். 1973 முதல் சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்த்து இந்நாட்டுத் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்டு வருகிறது. 2022 நெருக்கடியில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது. பால்மாவின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. வீட்டு மாப்பேணியின் அருமை அப்போது விளங்கியது.

காலையில் இந்த மாவில் நான்கு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் அளவு, தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் காய்ச்சி ஆறவிடுங்கள். அதோடு காய்ச்சி ஆறிய பால் ஒரு குவளை, தயிர் அரைக்குவளை, வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் ஒரு சிறங்கை, சிறிய கதலிப்பழம் ஒன்று சேர்த்து அடித்தால் 20 கிராமுக்குச் சற்று மேலாகப் புரதம் கிடைக்கும். சீனி வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும். பிளெண்டர் இல்லையென்றால் கச்சானை இடித்து, பழத்தைப் பிசைந்து, மத்தால் கடையுங்கள். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் படித்த எங்கள் வகுப்பினருக்கு இதை விளக்கத் தேவையில்லை!

சில எச்சரிக்கைகளும் உண்டு. பூஞ்சணம் பிடித்த, கசக்கும் கச்சானை ‘வீணாகிறதே’ என்று போடாதீர்கள். அதிலுள்ள அஃபிளாரொக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முற்றாக அழியாது. பச்சை முட்டையை அடித்துக் கலக்க வேண்டாம், அவித்துத் தனியே சாப்பிடுங்கள். சோயா சேர்ப்பவர்கள் அதை நன்றாக வேகவைத்தோ வறுத்தோ சேர்க்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் உங்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் பழத்தைப் பாதியாக்கி, இதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடியுங்கள். புட்டுக்கு மேலதிகமாக அல்ல. இரத்தச்சோகை உள்ளவர்கள் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எங்கள் இலைக்கஞ்சி இருக்கிறது. முருங்கையிலையோ வல்லாரையோ அரைத்த சாறு, கைக்குத்தரிசி, அதோடு ஒரு பிடி பயறு. பயறு போடாத இலைக்கஞ்சியில் புரதம் குறைவு என்பதை மறக்க வேண்டாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள எங்கள் தோழிகளுக்கு இந்தத் தானியங்கள் எல்லாம் தமிழ்க்கடையில் கிடைக்கும்; குரக்கன் அங்கே ராகி என்ற பெயரில் இருக்கும்.

முடிக்குமுன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காலைப் பிரார்த்தனையில் தலைசுற்றி விழும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அரசின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுகிறது. மாதவிடாய் தொடங்கி, வேகமாக வளரும் வயதுப் பிள்ளைகள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் தந்தையின் வருமானத்தைக் கேட்கிறோம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்போம். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, பாடசாலைச் சமையலறையில் வாரத்தில் மூன்று நாளாவது பயற்றங்கஞ்சி வைக்கலாமா என்பதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மா வறுத்துத் திரிப்பதற்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாங்கள் முறைவைத்து வருகிறோம்.