காஞ்சியைக் கற்ற யூத அறிஞர்



காஞ்சிபுரத்துத் தறியொலியில் வளர்ந்தவன் நான். பின்னர் அவ்வூரிலேயே தமிழாசிரியனாக இருந்தபோது, ஒருநாள் வகுப்பில் டேவிட் ஷுல்மன் என்னும் அறிஞரின் நூலைப் பற்றிக் கூறினேன். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் கோயிலைப் பற்றி ஒரு யூதர் எழுதியதை நாம் ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்டான். அன்று என்னால் செவ்வையாக விடையிறுக்க இயலவில்லை. இன்று முயல்கின்றேன்.

ஷுல்மன் 1949-இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிறந்து, 1967-இல் இஸ்ரேலில் குடியேறியவர். லண்டனில் தமிழ் பயின்று, நம் சிவத்தலங்களின் புராணங்களை ஆராய்ந்து 1976-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாராய்ச்சி 1980-இல் நூலாயிற்று. எருசலேமிலுள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கிய அவர், சுந்தரர் தேவாரத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார்.

கம்பையாற்றங்கரையில் மாமரத்தின்கீழ் உமையம்மை மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டாள். வெள்ளம் பெருகி வந்தது. மணல் கரைந்துவிடுமே என்று அஞ்சி, அம்மை இலிங்கத்தைத் தழுவிக்கொண்டாள், இறைவன் குழைந்தார். என் அன்னையார் சொன்ன இக்கதையைக் குழந்தைக் கதையென்று நான் ஒதுக்கியிருந்தேன். ஷுல்மனோ, பல தலங்களில் வழங்கும் வெள்ளக் கதைகளுடன் இதனை ஒப்பிட்டு, உலகே அழியும்போதும் அழியாது நிற்கும் இடமாகக் கோயிலை நம் முன்னோர் கண்டனர் என்று விளக்கினார். நோவா காலத்து வெள்ளத்தைத் தம் மறையிற் கற்ற மரபினருக்குக் கம்பையின் வெள்ளம் அயலாகத் தோன்றவில்லை போலும்! நமக்குப் பழகிப்போனதை அவர் கண் புதிதாகக் கண்டது.

இதற்காக அவர் சைவராக மாறவில்லை. நம் புராணத்தை இகழவுமில்லை. பிறர் நெறியை மதித்துக் கற்கும் இப்பண்பு அவர் வாழ்விலும் வெளிப்பட்டது. யூதரும் அரபியரும் இணைந்து 2000-இல் தொடங்கிய 'தஆயுஷ்' இயக்கத்தில் சேர்ந்து, பாலஸ்தீன உழவர்க்கும் இடையர்க்கும் துணை நின்றார். 2016-இல் இஸ்ரேல் பரிசு கிடைத்தபோது, அத்தொகையை அவ்வியக்கத்துக்கே அளிப்பதாக அறிவித்தார். 'தஆயுஷ்' என்னும் அரபுச் சொல்லுக்குச் சேர்ந்து வாழ்தல் என்பது பொருள்.

அவர் பட்டம் பெற்ற அதே 1976-இல்தான் நம் அரசியலமைப்பின் முகப்புரையில் 'சமயச்சார்பற்ற' என்னும் சொல் சேர்க்கப்பட்டது. சொல் புதிதாயினும் பண்பு காஞ்சிக்குப் பழையது. பல சமயத்தார் கொள்கைகளையும் கேட்டறிந்த மணிமேகலை, இறுதியில் பௌத்த அறம் கேட்டது இவ்வூரிலே. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் இன்றும் இவ்வூரை அடுத்து நிற்கின்றது.

என் தந்தையார் கோர்வைச் சேலை நெய்யும்போது, கரைப்பக்கம் அமர்ந்து நாடா கொடுத்தவன் நான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒன்றன் சாயம் மற்றொன்றில் ஏறாது. ஆயினும் இழைகள் கோத்துக்கொள்வதால் இரண்டும் ஒரே சேலையாகும்.

அன்று கேள்வி கேட்ட மாணவனுக்கு என் விடை இதுவே: தம்பி, முதலில் உன் ஊர்த் தலபுராணத்தை நீ படி. பிறகு, அயலார் அதில் என்ன கண்டார் என்று பார். அடுத்து, உன் அண்டை வீட்டார் வழிபடும் இடத்தின் கதையை அவர்களிடமே சென்று கேள்.